பக்கத்து வெள்ளி

2020 ஜனவரி 10ஆம் தேதிக்கு என் நோட்டில் இருப்பது ஒரே வரி. 2458859.1 என்று ஓர் எண், 1.4 என்று இன்னோர் எண், ஒரு கேள்விக்குறி, கடைசியில் ‘நிலா’ என்று ஒரு சொல். மாட்டுத்தீவனக் கடையில் பொங்கலுக்குக் கொடுத்த நோட்டு அது. அட்டையில் சீமைப் பசு ஒன்று நிற்கிறது. எடைமேடையில் வேலை பார்த்த காலத்தில் கணக்கு எழுத வாங்கிவந்து, வேறு கணக்குக்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

அன்று ஆருத்ரா தரிசனம். விடியற்காலை மூன்றரை மணிக்கே அத்தையை வண்டியில் உட்காரவைத்துக்கொண்டு எறையூரிலிருந்து வாலிகண்டபுரம் போனேன். வாலீஸ்வரர் கோயிலில் நல்ல கூட்டம். மார்கழிக் குளிரில் ஈரத் தலையோடு நின்ற பெண்கள், தூக்குவாளியில் களி, பின்னாலேயே தூங்கி விழுகிற பிள்ளைகள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். மேற்கே நிலா பெரிதாகச் சாய்ந்திருந்தது. அதற்குக் கீழே இடப்பக்கமாகச் சிவப்பாக ஒரு புள்ளி. அதுதான் திருவாதிரை. உள்ளே யாருக்கு அபிஷேகம் நடக்கிறதோ அவருடைய நட்சத்திரம்.

சில வாரங்களாகவே அது மங்கிக்கொண்டிருந்தது. முந்தைய டிசம்பரில் அமெரிக்க வானியலர் எட்வர்ட் கினனும் கூட்டாளிகளும் அதை அறிவித்திருந்தார்கள். வழக்கமாக அரைத் தரத்தை ஒட்டி நிற்கிற விண்மீன் ஒன்றரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நவீனக் கருவிகளால் அளக்கத் தொடங்கிய பிறகு இத்தனை மங்கலாக அதை யாரும் பார்த்ததில்லை. அந்த ஆருத்ராவுக்குத் தமிழ்நாட்டில் எத்தனை லட்சம் பேர் அந்தப் பெயரைச் சொல்லிக் கைகூப்பியிருப்பார்கள்! வாலிகண்டபுரத்தில் நான் நின்ற முக்கால் மணி நேரத்தில் ஒருவர்கூட மேற்கே திரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நோட்டு கைக்கு வரும்வரை நானும் திரும்பியதில்லை.

கொஞ்சம் யோசித்தால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு நாளின் நட்சத்திரம் திருவாதிரை என்றால், அன்றைக்கு நிலா திருவாதிரைப் பக்கம் இருக்கிறது என்று பொருள். நிலா எங்கே என்று சொல்ல நட்டுவைத்த மைல்கல்தான் நட்சத்திரம். மார்கழித் திருவாதிரையோ பௌர்ணமியை ஒட்டி வருவது. ஆக, திருவாதிரைக்கென்று ஒதுக்கிய நாளில்தான் முழு நிலா பக்கத்தில் வந்து நின்று அதன் ஒளியைக் கரைக்கிறது. வருடத்தில் அதைப் பார்க்க ஏற்ற நாள் வேறு எதுவாகவும் இருக்கலாம், அதன் திருநாள் மட்டும் இல்லை. என் கேள்விக்குறிக்கும் ‘நிலா’ என்ற சொல்லுக்கும் இதுதான் காரணம். அன்று இரவு எட்டு மணிக்கு மொட்டைமாடியில் நின்று போட்ட 1.4 மீது எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

முதல் எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஜூலியன் நாள். பொதுயுகத்துக்கு முன் 4713இல் தொடங்கி ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு வருவது. மாதம், லீப் வருடம் என்ற தொல்லை ஏதும் இல்லை. 1583இல் ஜோசப் ஸ்காலிஜர் வகுத்த காலச்சுற்றை ஒட்டிப் பிறந்த முறை என்பார்கள். நம் பஞ்சாங்கக்காரர்கள் கலி பிறந்த நாளிலிருந்து எண்ணுகிற கலிநாளுக்கு இது ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. எனக்குப் பிடித்தது என்னவென்றால், இந்த நாள் நள்ளிரவில் மாறுவதில்லை. கிரீன்விச்சின் நண்பகலில் மாறுகிறது. நமக்கு அது மாலை ஐந்தரை, விளக்கு வைப்பதற்குச் சற்று முன். ராத்திரி முழுக்க விழித்திருந்து பார்த்தாலும் ஒரே நாள் எண்தான். வானம் பார்க்கிறவனுக்கு இதைவிட வசதியாக யாரும் நாள் பிரித்துக் கொடுக்கவில்லை.

இரண்டாவது எண்தான் வம்பு பிடித்தது.

விண்மீனின் பொலிவைத் தரம் தரமாகப் பிரிப்பது பழைய கிரேக்கர்களிடமிருந்து வந்த வழக்கம். மிகப் பிரகாசமானது முதல் தரம், கண்ணுக்குத் தட்டுப்படுகிற கடைசி மங்கல் ஆறாம் தரம். பள்ளிக்கூட ராங்க் மாதிரி, எண் கூடக்கூட மதிப்புக் குறைவு. இதற்குக் கணக்காக ஓர் அளவு கொடுத்தவர் நார்மன் போக்சன். ஐந்து தரம் இறங்கினால் ஒளி சரியாக நூறில் ஒரு பங்கு, ஒரு தரம் இறங்கினால் சுமார் இரண்டரையில் ஒரு பங்கு என்று 1856இல் இங்கிலாந்தில் அவர் முன்வைத்தார். உலகம் இன்றைக்கும் அந்தக் கோலால்தான் அளக்கிறது. ஐந்து வருடம் கழித்து, 1861இல், அவர் சென்னை வானோக்ககத்துக்கு வந்து சேர்ந்தார். முப்பது வருடம் அங்கேயே கிடந்து 1891இல் சென்னையிலேயே இறந்தார். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், இப்போதைய வானிலை மைய வளாகத்தில், 1792இல் கட்டிய அந்த வானோக்ககத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. தமிழ், தெலுங்கு எழுத்துக்களும் வெட்டிய தூண். பேருந்தில் அந்தச் சாலையைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கழுத்து தானாகத் திரும்பும்.

கருவியில்லாமல் ஒரு விண்மீனின் தரத்தை எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இதை விளங்கிக்கொள்ள எனக்கு நேரமே ஆகவில்லை, என் பிழைப்பே அதுவாகத்தான் இருந்தது. எடைமேடையில் கரும்பு லாரி ஏறினால் நிறை வண்டிக்கு ஒரு சீட்டு. இறக்கிவிட்டு வந்தால் வெறும் வண்டிக்கு ஒரு சீட்டு. கரும்பு எவ்வளவு என்பது அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. கரும்பை மட்டும் தனியாக யாரும் எடை போடுவதில்லை.

வானத்திலும் அப்படியே. திருவாதிரையைவிடச் சற்றுப் பிரகாசமான ஒன்று, சற்று மங்கலான ஒன்று, இரண்டையும் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். ரோகிணி 0.9. புனர்பூசத்தின் பெரிய விண்மீன் 1.1. மிருகசீரிட வேட்டைக்காரனின் இன்னொரு தோளில் இருக்கிற பெல்லாட்ரிக்ஸ் 1.6. திருவாதிரை ரோகிணிக்குக் கீழே, பெல்லாட்ரிக்ஸுக்கு மேலே என்றால் அந்த இடைவெளியை மனசுக்குள் பங்கு போட வேண்டும். பாதியா, முக்காலா? சொல்லிப் பார்த்தால் எளிது. நின்று பார்த்தால் கால் மரத்துப்போகும், முடிவு வராது.

திருவாதிரையிடம் கூடுதலாக ஒரு தந்திரம் உண்டு. சிவப்பு விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்க அது பிரகாசமாகிக்கொண்டே போவது போலத் தோன்றும். அதனால் முறைக்கக் கூடாது. ஓட்டமாகப் பார்த்துவிட்டுப் பக்கத்து வெள்ளிக்குத் தாவ வேண்டும், திரும்ப வர வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், அடிவானத்துக் காற்று எதையும் மங்கலாக்கிவிடும். இதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். வராதது ஒன்று உண்டு. நேற்று என்ன எழுதினோம் என்பதை மறக்க வேண்டும். நேற்று 1.3 என்று எழுதியவனுக்கு இன்று 1.3 என்றுதான் தெரியும். கண் பார்ப்பதற்கு முன்னால் ஞாபகம் பதில் சொல்லிவிடும். நான் நோட்டின் பழைய வரிகளை ஒரு அட்டையால் மறைத்துக்கொள்வேன். பரீட்சையில் பக்கத்துப் பையன் பார்க்காமல் மறைப்போமே, அந்த மாதிரி. இங்கே பார்க்கக் கூடாத பையன் நான்.

போக்சனோடு சென்னையில் வேலை பார்த்த ஒருவரை நம் பள்ளிப் புத்தகங்கள் மறந்துவிட்டன. சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பத்தில் வந்து, வானோக்ககத்தில் முதல் உதவியாளர் நிலைக்கு உயர்ந்தவர். விண்மீன் ஒன்று தென்வடல் கோட்டைக் கடக்கிற நொடியையும் உயரத்தையும் குறித்துக்கொண்டே போவது அங்கே அன்றாட வேலை. ராத்திரி ராத்திரியாக, ஆண்டாண்டாக. கணக்குப்பிள்ளை வேலை என்று எவரும் ஒதுக்கிவிடக்கூடியது. அவர் 1867இல் ரெட்டிகுலம் என்கிற சின்னஞ்சிறு தென்வானக் கூட்டத்தில் ஒரு விண்மீன் பொலிவு மாறுவதைக் கண்டார். ஆர் ரெட்டிகுலி என்று இன்று அதற்குப் பெயர். மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்த முதல் இந்தியர் என்று அவரைச் சொல்கிறார்கள். 1872இல் லண்டன் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அதிலும் அவரே முதல் இந்தியர்.

ஆர் ரெட்டிகுலி லேசுப்பட்டதல்ல. சுமார் 278 நாளுக்கு ஒருமுறை ஊதிச் சுருங்குகிற செம்பூதம். உச்சத்தில் ஆறரைத் தரம், அடியில் பதினான்கை ஒட்டி. ஏழரைத் தரம் என்றால் ஒளியில் ஆயிரம் மடங்கு. எறையூர் மொட்டைமாடியிலிருந்து அது தெற்கு அடிவானத்துக்கு மேல் பதினைந்து பாகைதான் ஏறும், அகத்தியர் வெள்ளிக்கு வலப்பக்கம், இன்னும் கீழே. இரண்டு தை மாதங்களில் பைனாகுலரை வைத்துத் தேடியிருக்கிறேன். நெடுஞ்சாலை வெளிச்சமும் பனிப்புகையும்தான் கிடைத்தன. சென்னையிலிருந்து அவர் அதை இன்னும் தாழ்வாகத்தான் பார்த்திருப்பார். நுங்கம்பாக்கத்தில் அப்போது இருட்டு இருந்தது.

அவரைப் பற்றி எனக்குப் பிடித்தது விண்மீன்கூட இல்லை, பஞ்சாங்கச் சண்டை. வாக்கியப் பஞ்சாங்கம் பழைய சூத்திரங்களை வைத்துக் கணிப்பது. பல நூற்றாண்டுகளில் கணக்கு வானத்தைவிட்டு நகர்ந்துவிடும். வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்துங்கள் என்று ரகுநாதாச்சாரி வாதாடினார். 1874 டிசம்பர் 9ஆம் தேதி சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் கடந்தபோது அதை விளக்கித் தமிழ் உட்படப் பல மொழிகளில் சிறுநூல் போட்டார். அவர் தரப்புக் கணிதத்துக்குத் திருக்கணிதம் என்று பெயர். அந்தத் ‘திரு’வை நாம் திருப்பதி, திருவாரூர் வரிசையில் சேர்த்துப் படிக்கிறோம். அது ‘த்ருக்’, பார்வை என்கிற வடசொல். பார்த்துப் போட்ட கணக்கு. பார்வை என்ற சொல்லே நம் காதில் விழும்போது பக்தியாக மாறிவிடுகிறது. அத்தையிடம் இதைச் சொன்னேன். “பாக்கறதும் சாமிதானே மருமவனே” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை, ஆனால் ஒப்புக்கொள்ளவும் மனசில்லை.

என் சொந்தக் கேவலம் ஒன்றைச் சொல்ல வேண்டும். திருவாதிரை மார்கழி, தை, மாசிக்கு ஆகும். ஆவணி, புரட்டாசியில் என்ன பார்ப்பது? உச்சியில் திருவோணம். அதற்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் ஈட்டா அக்விலே என்று ஒன்று. 3.5க்கும் 4.4க்கும் நடுவில் ஏறி இறங்கும். பக்கத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்க டெல்டா 3.4, பீட்டா 3.7, அயோட்டா 4.4 என்று வரிசையாகத் துணை வெள்ளிகள், கடவுள் பார்த்து வைத்த மாதிரி. எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. ஞாயிறு ஞாயிறாக நான்கு வாரம் பார்த்தேன். 3.9, 3.9, 3.9, 3.8. இது மாறவே இல்லையே, நம் கண் போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அதன் சுற்று ஏழு நாள் நாலே கால் மணி நேரம். வாரா வாரம் சந்தைக்குப் போகிறவன், இந்த ஊரில் தினமும் சந்தை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வது போல, அது திரும்ப அதே நிலைக்கு வருகிற நாளாகப் பார்த்து நான் போய் நின்றிருக்கிறேன். பிறகு தொடர்ந்து எட்டு ராத்திரி பார்த்தேன். இரண்டே நாளில் கிடுகிடுவென்று ஏறி, ஐந்து நாள் நிதானமாக இறங்கியது. அந்த எட்டுப் புள்ளிகளைக் கட்டம் போட்ட தாளில் குறித்து இணைத்தபோது வந்த சந்தோஷத்தை மகள் பத்தாம் வகுப்புத் தேறியதோடு ஒப்பிட்டுச் சொல்லி வீட்டில் திட்டு வாங்கினேன்.

இந்த விண்மீன் மாறுவதை முதலில் கண்டவர் எட்வர்ட் பிகாட், 1784 செப்டம்பரில், இங்கிலாந்தின் யார்க் நகரத்தில். அவருடைய இளம் நண்பர் ஜான் குட்ரிக் அடுத்த மாதமே டெல்டா செஃபை விண்மீனில் இதே போன்ற ஏற்ற இறக்கத்தைப் பிடித்தார். செஃபீடு வகைக்குப் பெயர் கொடுத்தது அதுதான். குட்ரிக்குக் காது கேட்காது. இருபத்தொரு வயதில் இறந்துபோனார். பிற்பாடு, 1912இல், ஹென்ரியெட்டா லெவிட் இந்த வகை விண்மீன்களின் சுற்றுக்காலத்துக்கும் உண்மைப் பொலிவுக்கும் உள்ள தொடர்பை இருபத்தைந்து விண்மீன்களை வைத்து நிறுவினார். அதைக் கோலாகப் பிடித்துத்தான் மற்ற விண்மீன் திரள்களின் தூரத்தை அளந்தார்கள். அந்தக் கதையை எல்லாரும் எழுதியாயிற்று.

ஏன் துடிக்கிறது என்பது இட்லிக் குண்டானில் இருக்கிறது. ஆவி சேர்ந்து மூடியைத் தூக்கும். இடுக்கில் ஆவி போனதும் மூடி விழும். திரும்பச் சேரும். செஃபீடுகளில் மூடியாக இருப்பது உள்ளே ஓர் அடுக்கில் இருக்கிற ஹீலியம். பொதுவாக வாயுவை அழுத்திச் சூடேற்றினால் ஒளி இன்னும் எளிதாக ஊடுருவும். இந்த அடுக்கில் தலைகீழ். அழுந்தும்போது ஹீலியம் தன் இரண்டாவது எலக்ட்ரானையும் இழந்து ஒளிக்குக் கதவடைக்கிறது. வெப்பம் உள்ளே தேங்கி மேலடுக்கைத் தள்ளுகிறது. விண்மீன் உப்புகிறது. உப்பி ஆறியதும் ஹீலியம் எலக்ட்ரானைத் திரும்பப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட, தேங்கியது வெளியேறி, மேலடுக்கு மறுபடி சரிகிறது. கதவு போன்ற ஒன்று இருக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர் எடிங்டன். அது ஹீலியம் என்று பிறகு 1950களில் ரஷ்யாவில் ஷேவாக்கின் காட்டினார். உப்புவதால் பிரகாசம் கூடுகிறது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். பெருமளவு மாற்றம் வெப்பநிலையால் வருகிறது, பருமனால் அல்ல. மிகப் பெரிதாக இருக்கும்போது அது மிகப் பிரகாசமாக இருப்பதில்லை.

திருவாதிரையின் துடிப்புக்கு இந்த ஒழுங்கு கிடையாது. நானூறு நாளை ஒட்டி ஒன்று, ஏறக்குறைய ஆறு வருடத்துக்கு ஒன்று என்று இரண்டு மூச்சு அதற்கு. அதன் மாற்றத்தை 1836இல் ஆப்பிரிக்கத் தென்முனையிலிருந்து ஜான் ஹெர்ஷல் கவனித்து எழுதினார். இப்படித் தாறுமாறாக மாறுகிறதற்குத்தான் தொடர்ந்து பார்க்கிற ஆள் தேவை. பெரிய தொலைநோக்கிகளுக்கு அதற்கு நேரம் கிடையாது. சம்பளமில்லாத கண்கள்தான் பார்த்தாக வேண்டும்.

அப்படிப்பட்ட கண்ணுக்கு நம் பக்கத்தில் ஒருவரைச் சொல்வதானால் ராதா கோவிந்த சந்திரா. வங்கத்தில் ஜெசோர் கருவூலத்தில் நாணயம் பார்க்கிற வேலை. நல்ல காசு எது, கள்ளக் காசு எது என்று கையால், கண்ணால், ஓசையால் பிரிப்பது. மெட்ரிகுலேஷன் மூன்று முறை தோற்றவர். பகலில் காசை வைத்துக் காசைப் பார்த்தவர், ராத்திரியில் விண்மீனை வைத்து விண்மீனைப் பார்த்தார். 1919இலிருந்து 1954 வரை 37,000க்கும் மேற்பட்ட மாறொளி விண்மீன் குறிப்புகளை, அவற்றைப் பார்ப்பவர்களின் அமெரிக்கச் சங்கத்துக்கு அனுப்பினார். அவர் உழைப்பைப் பார்த்து 1926இல் அந்தச் சங்கம் ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் கடந்து அனுப்பிக் கொடுத்தது. கருவியின் பழைய சொந்தக்காரர் பெயரால் அதற்கு எல்மர் தொலைநோக்கி என்று பெயர். சந்திரா முதுமையில் அதைக் கைமாற்றிக் கொடுக்க, வானியலர் வைணு பாப்பு வழியாக அது கடைசியில் நம் ஜவ்வாது மலைக்கு, காவலூருக்கு வந்தது. பாப்புவும் இளம் வயதில் மாறொளி விண்மீன் பார்த்தே வளர்ந்தவர். காவலூர் என்றால் எல்லாரும் 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த ஆறங்குலம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தக் கண்ணாடி வழியாக ஒருவர் இருபத்தெட்டு வருடம் பக்கத்து வெள்ளியைப் பார்த்துப் பார்த்து எண் போட்டிருக்கிறார்.

2020 பிப்ரவரிக்கு வருகிறேன். அதற்குள் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. திருவாதிரை வெடிக்கப்போகிறது, பகலில் இரண்டு சூரியன் தெரியும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. என் கஷ்டம் வேறு. 1.6 வரை இறங்கிவிட்டது என்று படித்த பிறகு என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. மறைக்க வேண்டியது நோட்டை மட்டுமல்ல, செய்தியையும்தான். எப்படி மறைப்பது? ஒரு ராத்திரி அத்தையை மாடிக்குக் கூப்பிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரண்டு தோளையும் காட்டி, எது பெரிசு என்று மட்டும் கேட்டேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதான். செவப்பு கொஞ்சம் சோந்து கெடக்கு.”

“அதான் அத்த திருவாதிர.”

“போடா. இதுக்கா நான் களி கிண்டுறேன்?”

ஒரு தோள் 1.6. இரண்டும் ஒன்றுதான். சிவப்பு கொஞ்சம் சோர்வு. நோட்டில் 1.6 என்று எழுதி, பக்கத்தில் ‘அத்தை’ என்று போட்டேன். என் எண்ணை எழுதவில்லை. அந்த மாதம் உலகத்தில் இருந்த கருவிகளெல்லாம் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லின.

அது வெடிக்கவில்லை. 2019இலேயே அதன் மேற்பரப்பிலிருந்து பெருங்கட்டியாகப் பொருள் பீறிட்டு, தள்ளிப் போய்க் குளிர்ந்து தூசியாகி, நம் பார்வைக்குக் குறுக்கே படர்ந்தது என்று ஹபிள் தொலைநோக்கியின் பதிவுகளை வைத்துச் சொல்கிறார்கள். எப்போதாவது வெடிக்கும்தான், லட்சம் வருடக் கணக்கில். திருவாதிரைக்கு வயதே சுமார் ஒரு கோடி ஆண்டுதான் என்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலேயே சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் ஒன்று கிடக்கிறது. அதற்குச் சொல்கிற வயது 12 கோடி ஆண்டு. அந்த மரம் கடலோரச் சேற்றில் விழுந்தபோது வேட்டைக்காரனின் அந்தத் தோளில் விண்மீனே இல்லை. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிற ஆசிரியர்கள் மரத்தைக் காட்டிப் பழமை என்கிறார்கள், வானத்தைக் காட்டி நித்தியம் என்கிறார்கள்.

பிறகு எங்கள் தெருவுக்கு எல்இடி விளக்கு வந்தது. மூன்றாம் தரத்துக்குக் கீழே எல்லாம் போயிற்று, ஈட்டா அக்விலேயும் போயிற்று. இப்போது அதற்காக வண்டியை எடுத்துக்கொண்டு வெள்ளாற்றுப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. திருவாதிரை மட்டும் எந்த விளக்குக்கும் அசைவதில்லை. அத்தைக்கு இதற்கு நடுவில் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று சுவரெல்லாம் ஒரே நீலமாக இருக்கிறது, யார் வெள்ளையடித்தது என்று கேட்டாள்.

2023 ஏப்ரலில் திருவாதிரை எதிர்த்திசையில் கிளம்பியது. பூச்சியத் தரத்தை ஒட்டி ஏறிவிட்டது என்று செய்தி. நான் செய்தியைப் படிப்பதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தும் படித்துவிட்டேன். மறுபடி அத்தையைத்தான் கூப்பிட்டேன். சித்திரை வெக்கை. மேற்கே தாழ்ந்திருந்தது. மேலே புரோசியான், 0.4. இடப்பக்கம் சிரியஸ் பளீரென்று.

“எது அத்த பெரிசு? மேல இருக்கறதா, அந்தச் செவப்பா?”

“செவப்புதான்.” கொஞ்ச நேரம் பேசவில்லை. “அன்னிக்குக் காட்டுனியே, சோந்து கெடந்துச்சே, அதுவா இது?”

“அதேதான்.”

“அது ஏறிருச்சா, இல்ல எனக்குக் கண்ணு தெரிஞ்சிருச்சா?”

நோட்டில் 0.2 என்று எழுதினேன். பக்கத்தில் ‘அத்தை, கண் அறுவைக்குப் பின்’ என்று போட்டு, முந்தைய ‘அத்தை’ வரியைத் தேடிப் பிடித்து அங்கேயும் ‘அறுவைக்கு முன்’ என்று சேர்த்தேன்.